தோற்கும் அணியை நம் கையில் கொடுக்கும் விளையாட்டு: ‘அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் 26’ மதிப்புரை

பேஸ்பால் அணி ஒன்றின் பொது மேலாளர் நாற்காலியில் நம்மை உட்கார வைத்து, யாரை வைத்துக்கொள்வது, யாரை விற்பது, எந்தப் பதினெட்டு வயதுப் பையனை நம்பிப் பணம் கொடுப்பது என்ற முடிவுகளையெல்லாம் நம் தலையில் கட்டும் கணினி விளையாட்டு இது. மட்டையைச் சுழற்றும் வேலை இதில் கிடையாது. ஆட்டங்களை முப்பரிமாணக் காட்சியாகப் பார்க்க வசதி இருந்தாலும், பெரும்பாலான நேரம் திரையில் அட்டவணைகளும் எண்களும் மின்னஞ்சல்களும்தான் இருக்கும். மார்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் 1990களின் இறுதியில் தொடங்கிய இந்தத் தொடர், 2020இல் தென்கொரியாவின் காம்டூஸ் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகும், ஆண்டுதோறும் அமெரிக்கப் பருவம் தொடங்கும் வேளையில் புதிய பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. நான் விளையாடியது 2025 மார்ச்சில் வெளிவந்த 26ஆம் பதிப்பு. அமெரிக்காவின் தலையாய பேஸ்பால் லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலின் முறையான உரிமம் பெற்றது என்பதால் அணிகளின் பெயர், சின்னம், வீரர்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் நிஜ உலகிலிருந்து எடுக்கப்பட்டவை.

மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஆட்டத்தோடு உள்ள உறவு, பள்ளித் திடலில் விளையாடிய சாஃப்ட்பாலோடு முடிந்துவிடும். என் உறவு சற்று நீண்டது. 2005இல் நான் சிகாகோவில் படித்துக்கொண்டிருந்தபோது, நகரின் தென்பகுதி அணியான ஒயிட் சாக்ஸ், இறுதித் தொடரில் ஹூஸ்டனை நான்கு ஆட்டங்களிலும் வென்று 88 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையைத் தூக்கியது. அன்று ஒட்டிக்கொண்ட பற்று இன்றுவரை விடவில்லை. பருவம் நடக்கும் மாதங்களில் சிகாகோவுக்கும் கோலாலம்பூருக்கும் 13 மணி நேர வித்தியாசம் இருப்பதால், அங்கே மாலை ஏழு மணியளவில் தொடங்கும் ஆட்டம், செந்தூலிலிருந்து எல்ஆர்டியில் வேலைக்குப் போகும் எனக்குக் காலை எட்டு மணிக்குக் கைப்பேசியில் வந்து சேரும். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தைத் தாண்டுவதற்குள் நம்மவர்கள் மூன்று ஓட்டங்கள் பின்தங்கியிருப்பார்கள். இந்த விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியதற்குக் காரணம் அந்தக் காலை நேரத்து எரிச்சல்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்தோடு இருக்கும் ஒரு ரசிகனுக்கு இது உதவுகிறதா என்பதே இந்த மதிப்புரையின் அளவுகோல்.

கோபத்துக்குக் காரணம் குறைவில்லை. 2024இல் ஒயிட் சாக்ஸ் 162 ஆட்டங்களில் 121இல் தோற்றது. 1900க்குப் பிறகு வேறெந்த அணியும் ஒரே பருவத்தில் இத்தனை ஆட்டங்களைத் தோற்றதில்லை; 1962இல் 120 தோல்விகளோடு நியூயார்க் மெட்ஸ் வாங்கியிருந்த பெயரை இவர்கள் தட்டிப் பறித்துக்கொண்டார்கள். இடையில் தொடர்ச்சியாக 21 தோல்விகள். 2025இல் 60 வெற்றி, 102 தோல்வி. அதையே முன்னேற்றம் என்று சொல்லி ஆறுதல்பட்டுக்கொள்ளும் நிலைக்கு நாங்கள் வந்துவிட்டோம். ஆனால் தோல்வி மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நட்சத்திரங்களை விற்று, இளைஞர்களைச் சேர்த்து, அடிமட்டத்திலிருந்து அணியைக் கட்டுகிறோம், சில ஆண்டுகள் பொறுங்கள் என்ற பேச்சைப் பத்தாண்டுகளுக்குள் இரண்டாம் முறையாகக் கேட்க வேண்டியிருப்பதுதான் வயிற்றெரிச்சல். 2016 டிசம்பரில் கிறிஸ் சேல் என்ற இடக்கைப் பந்துவீச்சாளரை பாஸ்டனுக்கு அனுப்பிவிட்டு யோவான் மோன்காடா, மைக்கேல் கோபெக் முதலிய இளைஞர்களை வாங்கினார்கள். அடுத்த ஆண்டு ஹோசே கின்டானாவை அதே நகரத்துக் கப்ஸ் அணிக்கே கொடுத்து எலோய் ஹிமினெஸ், டிலன் சீஸ் இருவரையும் பெற்றார்கள். பத்திரிகைகள் எல்லாம் புகழ்ந்தன. கிடைத்த பலன் என்ன? 2021இல் 93 வெற்றிகள், பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபின் முதல் கட்டத்திலேயே ஹூஸ்டனிடம் 1-3 என்று தோல்வி. 2022இல் 81 வெற்றி, 81 தோல்வி. 2023இல் 101 தோல்வி. பிறகு அந்த 121. இதில் உச்சக்கட்டம், அணி வரலாறு காணாத அளவுக்குத் தோற்ற அதே 2024ஆம் ஆண்டில், எட்டு ஆண்டுகளுக்கு முன் விற்கப்பட்ட கிறிஸ் சேல், அட்லாண்டாவுக்காக ஆடித் தேசிய லீக்கின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை வாங்கினார்.

இந்த வரலாறு தெரியாமல் விளையாட்டைத் திறந்தவன் என் சித்தப்பா மகன். கிள்ளான்காரன், மான்செஸ்டர் யுனைடெட் பக்தன். 2025 மே மாதம் பிரீமியர் லீக்கில் 15ஆம் இடத்தில் முடித்த கையோடு அந்த அணி புக்கிட் ஜாலிலுக்கு வந்து ஆசியான் ஆல்ஸ்டார்ஸிடம் 0-1 என்று தோற்றதை அரங்கில் உட்கார்ந்து பார்த்தவன். சொந்த அணியைத் திட்டுவதில் எனக்குச் சற்றும் குறையாத பயிற்சி உடையவன் என்பதால், இருவரும் ஆளுக்கொரு சேமிப்புக் கோப்பில் 2025 ஒயிட் சாக்ஸை எடுத்துக்கொண்டு எங்கள் வழியில் கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

“அண்ணே, இவனுங்கள வெச்சிக்கிட்டு என்னா செய்யப் போறீங்க? எல்லாத்தையும் தள்ளி விட்டுட்டு சின்னப் பசங்களா வாங்கிப் போடுங்க,” என்றான்.

“பத்து வருசமா அதத்தான்டா செஞ்சிக்கிட்டு இருக்காங்க,” என்றேன். கேட்கவில்லை.

காற்பந்து ரசிகனுக்கு இந்த ஆட்டத்தின் பொருளாதாரம் புரிய நேரம் எடுக்கும். இங்கே தோற்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுவதில்லை; அதற்கு மாறாக, மோசமாகத் தோற்கும் அணிக்கே அடுத்த ஆண்டின் பள்ளி, கல்லூரி வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்பு சாய்கிறது. வீரர் மாற்றத்துக்குப் பெரும்பாலும் ரொக்கத் தொகை கிடையாது, ஆளுக்கு ஆள்தான். புதிதாக மேல்மட்டத்துக்கு வரும் இளைஞன் ஆறு ஆண்டுகள் அந்த அணிக்கே கட்டுப்பட்டவன். அவற்றில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு அவன் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே வாங்குவான், 2025இல் அது 760,000 டாலர். திறமையான இளைஞன் மலிவானவன், திறமையான மூத்தவன் கோடிகளில் சம்பளம் கேட்பவன் என்ற இந்த ஏற்பாட்டினால்தான், எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வது ஒரு தந்திரமாகவே அமெரிக்காவில் வளர்ந்தது. ஹூஸ்டன் 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகளும் நூற்றுக்கு மேல் தோற்று 2017இல் கோப்பையை வென்றது. கப்ஸ் 2012இல் 101 ஆட்டங்களைத் தோற்று 2016இல் வென்றது. அந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் பார்த்து எல்லாரும் அதே பாதையில் இறங்கியதும், 2022 டிசம்பரிலிருந்து டிராஃப்டின் முதல் ஆறு இடங்களைக் குலுக்கல் முறைக்கு மாற்றினார்கள். பெரிய நகரத்துப் பணக்கார அணிகள் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அந்த ஆறு இடங்களுக்குள் வர முடியாது என்ற விதியும் வந்தது. அதனால்தான் 121 தோல்விகளுக்குப் பிறகும் ஒயிட் சாக்ஸுக்கு 2025இல் 10ஆம் இடமே கிடைத்தது. தோற்பதையும் சரியான ஆண்டு பார்த்துத் தோற்க வேண்டும் போலிருக்கிறது.

தம்பியின் அணி முதல் பருவத்திலேயே காலியானது. அணியின் நட்சத்திரமான லூயிஸ் ராபர்ட்டைச் சந்தையில் காட்டினான்; எந்தெந்த அணி என்னென்ன கொடுக்கும் என்பதைக் காட்டும் திரை இந்த விளையாட்டின் மிகவும் போதை தரும் பகுதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பெயரையும் தட்டினால், அவன் இன்று எப்படி ஆடுகிறான் என்பதற்கு ஓர் எண்ணும், நாளை எவ்வளவு தூரம் வளரலாம் என்பதற்கு ஓர் எண்ணும், 20 முதல் 80 வரையிலான அளவில் வரும். அமெரிக்கத் திறன்தேடிகள் நிஜத்தில் பயன்படுத்தும் அளவும் அதுவே. இன்றைய எண் 30, நாளைய எண் 65 என்று இருக்கும் பத்தொன்பது வயதுப் பையனைப் பார்த்ததும் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. டுரியான் கன்றைக் காட்டிப் பழத்துக்கு விலை பேசும் வியாபாரம்தான் என்று தெரிந்தாலும் மனம் கேட்பதில்லை. சில பருவங்களில் இளைஞர்களை வளர்ப்பதற்கென்று பெரிய அணியின் கீழ் இயங்கும் தம்பியின் கீழ்நிலை அணிகள் லீக்கிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டன. அதற்குள் பெரிய அணி ஆண்டுக்கு நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்றுக்கொண்டிருந்தது.

இந்த விளையாட்டின் உண்மையான கெட்டிக்காரத்தனம் வெளிப்படுவது அந்த இடத்தில்தான். ரசிகர்களின் ஆர்வத்துக்கென்று ஓர் எண்ணைத் தனியாக வைத்திருக்கிறார்கள். தோல்வி கூடக் கூட அது சரிகிறது. எல்லாரும் விரும்பும் நட்சத்திரத்தை விற்றாலும் சரிகிறது. ஆர்வம் சரிந்தால் நுழைவுச்சீட்டு விற்பனை குறைகிறது, வருமானம் குறைகிறது, அடுத்த பருவத்துக்கான தொகையை உரிமையாளர் வெட்டுகிறார். ஆக, வாங்கிப்போட்ட பையன்கள் ஒருவழியாகத் தேறி, அவர்களோடு நிற்க இரண்டு அனுபவசாலிகளை வாங்கினால் போதும் என்ற கட்டம் வரும்போது, வாங்கக் கையில் பணம் இருப்பதில்லை. விற்றுத் தள்ளு என்று தொலைக்காட்சியிலும் டீக்கடையிலும் பேசும் யாரும் இந்தச் சுழற்சியைக் கணக்கில் எடுப்பதில்லை. தம்பி அதைக் கணக்கில் எடுப்பதற்குள், உரிமையாளரிடமிருந்து பணிநீக்க மின்னஞ்சல் வந்துவிட்டது. “இப்பத்தானே அண்ணே பசங்க மேல வரானுங்க!” என்று திரையைப் பார்த்துக் கத்தினான். நிஜத்தில் வேலை போன எத்தனையோ பொது மேலாளர்களும் இதையே வேறு சொற்களில் சொல்லியிருப்பார்கள்.

என் சேமிப்பிலும் பாலும் தேனும் ஓடவில்லை. ராபர்ட்டை வைத்துக்கொண்டேன், மலிவான ஓராண்டு ஒப்பந்தங்களில் நடுத்தர வீரர்களை எடுத்தேன், மிச்சப்பட்டதை எல்லாம் வீரர் வளர்ச்சிக்கும் திறன்தேடலுக்கும் ஒதுக்கினேன். எழுபது வெற்றிகளைச் சுற்றியே அணி நின்றது. ரசிகர்கள் ஓடிப்போகவில்லை, உரிமையாளர் முறைத்துக்கொண்டே பொறுத்தார், கோப்பை மட்டும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஆனால் பயிற்சியாளர்களுக்கும் வளர்ச்சி நிதிக்கும் செலவிட்ட பணம், டிராஃப்டில் பின்வரிசையில் எடுத்த பையன்களிடம் மெதுவாகத் தெரியத் தொடங்கியது. இந்த விளையாட்டில் பயிற்சியாளர்களுக்கும் தனித்தனித் திறன்கள் உண்டு; வீரனுக்கும் உழைப்பு, அறிவு, பேராசை என்று குணங்கள் உண்டு. உழைப்பில் குறைவுள்ள பெருந்திறமைசாலியை, சுமாரான பயிற்சியாளரிடம் விட்டுப் பாருங்கள். 65 என்று இருந்த நாளைய எண் ஒரு காலையில் 50 ஆகியிருக்கும். எந்த விளக்கமும் வராது.

ஒயிட் சாக்ஸ் ரசிகனுக்கு இந்தப் பகுதிதான் மிகவும் வலிக்கும், ஏனென்றால் எங்கள் வழக்கின் மையம் இதுதான். 2019 டிராஃப்டில் மூன்றாம் ஆளாக எடுக்கப்பட்ட ஆண்ட்ரூ வான், ஆறாண்டுகள் எங்களிடம் இருந்தும் வளரவில்லை. 2025இல் 0.189 என்ற அடி விகிதத்தோடு தவித்த அவரை முதலில் கீழ்நிலை அணிக்கு இறக்கினார்கள், ஜூனில் மில்வாக்கிக்குத் தள்ளிவிட்டார்கள். ஜூலையில் மில்வாக்கிக்காக முதன்முறை மட்டையோடு நின்றபோதே மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். அந்தப் பருவத்தின் மிச்சத்தில் 64 ஆட்டங்களில் 0.308 என்று ஆடினார். ஆள் அதே ஆள். பயிற்சிக் கூடம்தான் வேறு. மறுபுறம், 2021இன் முதல் சுற்றில் எடுக்கப்பட்ட கோல்சன் மான்ட்கமரி 2025 வசந்தத்தில் கீழ்நிலை அணியிலேயே அடிக்க முடியாமல் திணறியபோது, அவரை ஆட்டத்திலிருந்து விலக்கி அரிசோனா பயிற்சி வளாகத்துக்கு அனுப்பி மட்டைவீச்சைத் திருத்தினார்கள். ஜூலையில் மேலே வந்தவர் 71 ஆட்டங்களில் 21 ஹோம் ரன்கள் அடித்தார். இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாரை விற்றோம், யாரை வாங்கினோம் என்ற வாக்குவாதம் பாதி வாக்குவாதமே என்பது விளங்கும். வாங்கிய பிறகு அவனை யார் கையில் ஒப்படைத்தோம் என்பது மறுபாதி. முதல் மறுகட்டமைப்பு சரிந்தது இந்த மறுபாதியில்தான் என்பது என் உறுதியான கருத்து.

விளையாட்டு இதைக் காட்டுகிறது. ஆனால் முழுவதும் காட்டவில்லை. வானுக்கு நடந்தது போன்ற திடீர் மறுபிறவிக்கு இதன் எந்திரத்தில் இடம் உண்டு, காரணம் கிடையாது. திறமை மாற்றத்தின் தற்செயல் அளவு என்று ஓர் அமைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கூட்டினால் வீரர்கள் கண்டபடி ஏறுவார்கள், இறங்குவார்கள், குறைத்தால் எல்லாரும் எதிர்பார்த்தபடி வளர்வார்கள். மட்டையைப் பிடிக்கும் கையின் உயரத்தை அரை அங்குலம் மாற்றச் சொன்ன பயிற்சியாளர், அதைக் கேட்டுக்கொண்ட வீரன் என்ற இடத்துக்கு எண்கள் இன்னும் போய்ச் சேரவில்லை. பகடை உருட்டலை வளர்ச்சி என்று பெயரிட்டு அழைப்பதாகச் சில நேரம் தோன்றும். இருந்தாலும், நிஜ அணிகளின் பொது மேலாளர்களும் அந்தப் பகடையைத்தான் விளக்க முடியாமல் விளக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் இதைப் பெருங்குறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

பெரிய பேரங்களைவிடச் சின்னச் சின்ன வேலைகளில்தான் எனக்கு மகிழ்ச்சி கிடைத்தது. ‘ரூல் 5’ டிராஃப்ட் அப்படி ஒன்று. பிற அணிகள் சில ஆண்டுகள் வைத்திருந்தும் தங்கள் 40 பேர் பட்டியலில் சேர்க்காமல் விட்ட வீரர்களை, 100,000 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த பருவம் முழுவதும் 26 பேர் கொண்ட அணியிலேயே வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் பழைய அணிக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். வெல்லும் அணிக்கு இது சுமை. தோற்கும் அணிக்கோ இடம் நிறைய இருக்கிறது. நிஜத்தில் ஒயிட் சாக்ஸ் 2024 டிசம்பரில் இப்படித்தான் மில்வாக்கியிடமிருந்து ஷேன் ஸ்மித் என்ற பந்துவீச்சாளரை எடுத்தது. 2025 ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு அணியின் ஒரே பிரதிநிதியாகப் போனவர் அவர். பல இளைஞர்களை ஈடாக வாங்கிய பெரும் பேரங்கள் செய்யாததை, ஒரு சொகுசுக் காரின் விலையில் செய்துவிட்டார்கள். விளையாட்டில் அந்தப் பட்டியலைத் திறந்து, நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே, வேகம் உண்டு, கட்டுப்பாடு இல்லை என்று திறன்தேடி எழுதிவைத்த ஒருவனைப் பிடித்து, ஆறு மாதம் பின்வரிசையில் வைத்துத் தேற்றுவதில் இருக்கும் நிறைவு, நட்சத்திரத்தை விற்பதில் இல்லை.

விளையாட்டின் குறைகள் என்று பார்த்தால், முதல் குறை நுழைவாயிலிலேயே நிற்கிறது. எல்லாம் ஆங்கிலம், எல்லாம் சுருக்கெழுத்து. பேஸ்பால் விதிகளை ஓரளவுக்கேனும் அறியாதவருக்கு முதல் வாரம் வதைதான். தம்பிக்கு ஒப்பந்த விதிகளை விளக்கவே பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் ஒரு முழு மாலை ஆனது. மெனுக்களுக்குள் மெனுக்கள் ஒளிந்திருப்பதால், சிறிய மடிக்கணினித் திரையில் அட்டவணைகளைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. சிறப்பு வரைகலை அட்டை இல்லாத சாதாரணக் கணினியிலேயே ஓடுகிறது என்பது ஆறுதல். ஆனால் கொரியா, ஜப்பான் லீக்குகளையும் சேர்த்து இயக்கினால் ஒரு மாதத்தை நகர்த்துவதற்குள் தே தாரிக் ஆறிவிடும். கணினி நடத்தும் எதிரணிகள் பேரத்தில் அவ்வப்போது ஏமாளிகளாக இருப்பது இரண்டாவது குறை; நடுத்தர ஆட்கள் நால்வரைக் கட்டிக் கொடுத்து நல்லவன் ஒருவனை வாங்கிவிடக்கூடிய நேரங்கள் உண்டு. பேரக் கடுமையைக் கூட்டும் அமைப்பு இருக்கிறது. அதை மேலே ஏற்றாமல் விளையாடுவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. அட்டைகளைச் சேர்த்து இணையத்தில் மோதும் ‘பெர்ஃபெக்ட் டீம்’ பகுதியில் எனக்கு நாட்டமில்லை. கூடுதல் பணம் கேட்கும் பகுதி அதுதான் என்பதை மட்டும் பெற்றோர்கள் கவனித்துக்கொள்ளட்டும்.

உரிமையாளரைச் சித்தரித்திருக்கும் விதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செலவாளி, கருமி, பொறுமைசாலி, அவசரக்காரர் என்று அவருக்கும் குணங்கள் வைத்திருக்கிறார்கள். பருவந்தோறும் இலக்குகள் அனுப்புகிறார், சொன்னபடி செய்யாவிட்டால் வெளியேற்றுகிறார். நிஜ ஒயிட் சாக்ஸ் 1981 முதல் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் தலைமையிலான குழுவின் கையில் இருக்கிறது. அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்து அணி, 2025 வரை எந்த வீரருக்கும் 10 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்ததில்லை. ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்கு ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுத்த 7.5 கோடி டாலர்தான் அதன் உச்சம். பருவந்தோறும் பொது மேலாளரைத் திட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு, அந்தப் பொது மேலாளர் எவ்வளவு சிறிய பையோடு சந்தைக்கு அனுப்பப்படுகிறார் என்பதை இந்த விளையாட்டு தெளிவாகவே உணர்த்துகிறது. கோபம் குறையவில்லை, போய்ச் சேர வேண்டிய விலாசம் மாறியது. உரிமையாளரை மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கிறதா என்று தம்பி கேட்டான். இருக்கிறது. ‘கமிஷனர்’ முறையில் விளையாடினால் லீக்கில் எதையும் திருத்திக்கொள்ளலாம். பணக்கார உரிமையாளரையே உட்கார வைத்துக்கொள்ளலாம். நான் அதைத் தொடவில்லை. சிகாகோவில் அந்தப் பொத்தான் இல்லையே.

பழைய காலத்துக்குப் போகும் வசதியும் இதில் உண்டு. 1871 தொடங்கி எந்த ஆண்டிலிருந்தும் ஆட்டத்தைத் தொடங்க முடியும். நான் 2016 இலையுதிர் காலத்துக்குப் போய், கிறிஸ் சேலை விற்காமல் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு முறை விளையாடியபோது அவர் தோள் காயத்தில் முடங்கினார், இன்னொரு முறை வெற்றி மேல் வெற்றியாகக் குவித்தார், அணி இரண்டு முறையும் கோப்பை வெல்லவில்லை. பாஸ்டனுக்கே 2024 டிசம்பரில் இன்னொரு இடக்கைப் பந்துவீச்சாளர் காரெட் குரோஷேயை விற்று, கைல் டீல், சேஸ் மைட்ராத் முதலிய நால்வரை வாங்கியதும், குரோஷே அடுத்த பருவத்திலேயே 255 மட்டையாளர்களைப் பந்தைத் தொடவிடாமல் ‘ஸ்ட்ரைக் அவுட்’ செய்ததும் நினைவுக்கு வந்தது. அதே கடைக்கு அதே சரக்கு, எட்டு ஆண்டு இடைவெளியில். இம்முறை வாங்கிய பையன்கள் தேறுவார்கள் என்று நம்ப எனக்குக் காரணங்கள் இருக்கின்றன. டீலும் மைட்ராத்தும் 2025லேயே பெரிய அணியில் நன்றாகக் காலூன்றினார்கள். விளையாட்டில் கண்ட 65கள் எத்தனை 50களாகக் கரைந்தன என்பதைப் பார்த்த பிறகு, அந்த நம்பிக்கையைச் சத்தமாகச் சொல்வதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஸ்டீமில் விலை ரிங்கிட்டிலேயே தெரியும். 26ஆம் பதிப்பு 2025இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் ஏறக்குறைய 40 டாலர். அவசரமில்லை என்றால் பருவத்தின் நடுவில் வரும் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம், அல்லது முந்தைய ஆண்டுப் பதிப்பைக் குறைந்த விலையில் எடுக்கலாம். அணிப் பட்டியல் ஓராண்டு பழையதாக இருக்குமே தவிர, தோல்வியில் வித்தியாசம் தெரியாது. திறன்தேடல் அமைப்பை அணைக்காதீர்கள், பணிநீக்கம் செய்யப்படும் வாய்ப்பையும் அணைக்காதீர்கள், பேரக் கடுமையை ஏற்றிவையுங்கள். வெல்லும் அணியை எடுத்து விளையாட இதைவிட எளிய விளையாட்டுகள் உண்டு. பத்தாண்டாகத் தோற்கும் அணியைச் சுமப்பவருக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன்; காற்பந்து ரசிகர் என்றால் மூன்று. 2025 டிசம்பர் குலுக்கலில் 2026 டிராஃப்டின் முதல் இடம் ஒயிட் சாக்ஸுக்கே விழுந்தது என்ற செய்தியைத் தம்பிக்கு அனுப்பினேன். “முதல்ல நல்ல கோச்ச வாங்கச் சொல்லுங்க அண்ணே,” என்று பதில் வந்தது.